ஏழு உறைகளும் ஓர் இடுப்பும்: ஹூஸ்டனில் துப்பாக்கி உறை தேடிய கதை

ஹூஸ்டன் நகரின் மேற்குப் புறத்தில் இருக்கும் அண்ணாவின் வீட்டில், படுக்கையறை அலுமாரியின் மேல் தட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டி இருக்கிறது. நான் அங்கு போய்ச் சேர்ந்த இரண்டாவது நாள் அண்ணா அதை இறக்கிக் கட்டிலில் கொட்டினார். உள்ளே இருந்தவை ஏழு கைத்துப்பாக்கி உறைகள். தோலில் இரண்டு, கறுப்புப் பிளாஸ்டிக்கில் மூன்று, நைலோன் துணியில் ஒன்று, வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான இலாஸ்டிக் பட்டி ஒன்று.

"ஒண்டும் சரிவரேல்லை பிள்ளை. நிண்டா பரவாயில்லை. இருந்தா குத்துது. ஏழாவதும் குத்துது" என்றார்.

அண்ணா என் பெரியம்மாவின் மகன். எரிபொருள் நிரப்பு நிலையத்தோடு ஒட்டிய சிறிய கடையொன்றை நடத்துகிறார். இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஓர் இரவு, கடை பூட்டும் நேரத்தில் ஒருவன் துப்பாக்கியைக் காட்டி லாச்சியில் இருந்த காசையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாதமே அண்ணா ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார்.

உறவினர் திருமணத்துக்காகப் போன நான் அந்த வீட்டில் மூன்று வாரம் தங்கினேன். துப்பாக்கி வாங்கியது சரியா, பிழையா என்ற விவாதம் சாப்பாட்டு மேசையில் பல தடவை நடந்தது. ஆனால் எனக்குப் புதிதாக இருந்தது வேறொன்று. துப்பாக்கியை வாங்க அண்ணாவுக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. அதை உடம்பில் எங்கே, எப்படி வைப்பது என்ற கேள்விக்கு இரண்டு வருடமாகியும் விடை கிடைக்கவில்லை. அந்தச் சப்பாத்துப் பெட்டி அண்ணாவிடம் மட்டும் இருக்கும் ஒன்றல்ல என்பதையும் பிறகு தெரிந்துகொண்டேன். துப்பாக்கி காவும் அமெரிக்கர் ஒவ்வொருவர் வீட்டிலும் பயன்படாத உறைகள் நிறைந்த ஒரு பெட்டி இருக்கும் என்பது அவர்களுக்குள் வழங்கும் பழைய பகிடி.

சட்டத்தில் இடம்பிடித்த உறை

2023இல் பியூ ஆய்வு நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பின்படி, அமெரிக்காவில் வயது வந்தவர்களில் 32 சதவீதமானோர் தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் 72 சதவீதமானோர் பாதுகாப்பு ஒரு முக்கிய காரணம் என்றார்கள். பாதுகாப்புக்கென்று வாங்கும் துப்பாக்கி பெரும்பாலும் கைத்துப்பாக்கி. அதை அலுமாரியில் வைத்திருக்கலாம், அல்லது வெளியே போகும்போது உடம்போடு கொண்டு போகலாம். இரண்டாவதைச் செய்பவர்களுக்குத்தான் உறை தேவைப்படுகிறது.

டெக்ஸாஸில் 2021 செப்டெம்பர் 1ஆம் திகதியிலிருந்து, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவர் அனுமதிப்பத்திரம் இல்லாமலேயே பொது இடத்தில் கைத்துப்பாக்கி காவலாம். வெளியே தெரியும்படி காவினால் அது உறையில் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அடுத்த வருடம், 2022 ஜூனில், நியூயோர்க் மாநிலத்தின் கட்டுப்பாடு ஒன்றை இரத்துச் செய்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி காவுவதும் அரசியலமைப்பு தரும் உரிமை என்று தீர்ப்பளித்தது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மறைத்துக் காவுவதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை.

அனுமதிப்பத்திரம் கட்டாயமாக இருந்த காலத்தில் அதைப் பெறுவதற்கு ஒரு வகுப்பில் இருந்து எழும்ப வேண்டும். இப்போது அந்த வகுப்புக்குப் போகாமலே ஒருவர் கடையிலிருந்து துப்பாக்கியோடு வீட்டுக்கு வரலாம். எப்படிக் காவுவது என்பதை அவர் தானாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அண்ணாவும் அப்படித்தான் கற்றார், ஏழு தடவை காசு கொடுத்து.

வசதி ஏன் முக்கியம்?

"உறுத்தாத உறை" என்று அண்ணா சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆளைக் கொல்லக்கூடிய ஒரு பொருளில் என்ன சொகுசு வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். அவருடைய ஒரு நாளைக் கூட இருந்து பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

காலையில் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு புறப்படுவார். காரில் ஏறியதும் விலாவில் குத்தும். எடுத்து டாஷ்போர்டில் உள்ள பெட்டிக்குள் வைப்பார். கடையில் மறுபடி இடுப்புக்கு. கணக்குப் பார்க்கக் கதிரையில் இருந்தால் குத்தும். எடுத்துக் கல்லாவின் கீழ்த் தட்டில் வைப்பார். கழிப்பறையில் அது ஒரு பிரச்சினை. வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியின் மேல். ஒரு நாளைக்கு எட்டு, பத்துத் தடவை ரவை நிரப்பிய துப்பாக்கி உறையை விட்டு வெளியே வந்து போனது.

இதுதான் விசயம். உடம்பில் உறுத்தும் துப்பாக்கி உடம்பில் தங்காது. காருக்குள், கைப்பைக்குள், மேசை லாச்சிக்குள் போய்விடும். அங்கே அதை யாரும் எடுக்கலாம். 2017 முதல் 2021 வரையான ஐந்து வருடங்களில் அமெரிக்காவில் தனியாரிடமிருந்து திருடப்பட்டதாக முறையிடப்பட்ட துப்பாக்கிகள் 10 இலட்சத்துக்கும் மேல் என்று அந்நாட்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுத் திணைக்களமே கணக்குக் காட்டியிருக்கிறது. திருடர்கள் அவற்றைத் தேடும் முக்கியமான இடங்களில் ஒன்று நிறுத்தி வைத்த கார்.

எடுப்பவன் திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 2014 டிசெம்பர் 30ஆம் திகதி, ஐடாஹோ மாநிலத்தின் ஹேடன் என்ற ஊரில், ஒரு தாய் தன் இரண்டு வயது மகனை வோல்மார்ட் அங்காடியின் தள்ளுவண்டியில் இருத்திக்கொண்டு பொருள் வாங்கப் போனார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை கொண்ட அவரது கைப்பை குழந்தையின் பக்கத்தில் இருந்தது. குழந்தை கையை விட்டு அதை எடுத்துச் சுட்டது. தாய் அந்த இடத்திலேயே இறந்தார். அவரிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது. சட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. துப்பாக்கி உடம்பில் இருக்கவில்லை என்பதுதான் பிழை.

வசதிக்கு முன் மூன்று கேள்விகள்

வசதியாக இருக்கிறது என்பதற்காக எந்த உறையையும் வாங்கிவிட முடியாது. இந்த மூன்று கேள்விகளுக்கும் "ஓம்" என்று பதில் வராத உறையைக் கையில் எடுக்கவே வேண்டாம் என்று பயிற்சி கொடுப்பவர்கள் சொல்கிறார்கள்.

முதலாவது: விசை முழுவதும் மூடப்படுகிறதா? விசையையும் அதைச் சுற்றிய வளையத்தையும் வளையாத கடினமான பொருள் மூடியிருக்க வேண்டும். வெளியிலிருந்து விரலால் அழுத்தினால் விசை அசையக் கூடாது. மெல்லிய துணி உறைகளும் இலாஸ்டிக் பட்டிகளும் பெரும்பாலும் இந்தச் சோதனையிலேயே தோற்றுப்போகும்.

இரண்டாவது: துப்பாக்கி விழாமல் பிடித்து வைக்கிறதா? வெற்றுத் துப்பாக்கியை உறையிலிட்டு, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பார்க்க வேண்டும். 2018 ஜூனில் டென்வர் நகர மதுபானக் கடையொன்றில், கடமையில் இல்லாத எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் நடனமாடிக்கொண்டே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்தார். இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கி நிலத்தில் விழுந்தது. அவசரமாக எடுக்கப் போனபோது அது வெடித்து, அங்கிருந்த ஒருவரின் காலில் ரவை பாய்ந்தது. பயிற்சி பெற்ற அதிகாரிக்கே இந்த நிலை.

மூன்றாவது: துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே இருக்கிறதா? மென்மையான உறை என்றால் வாய் மூடிக்கொள்ளும். திரும்ப வைக்கும்போது மறு கையால் அதை விரிக்க வேண்டிவரும், அப்போது அந்தக் கை குழல் வாய்க்கு முன்னால் போகும். துப்பாக்கியை உறைக்குள் திரும்ப வைக்கும் கணம் மிகவும் ஆபத்தானது. சேட்டின் ஓரமோ மேலங்கியின் கயிறோ விசையில் சிக்கினால் போதும். வெளியே எடுப்பதற்குத்தான் அவசரம் வரலாம், திரும்ப வைப்பதற்கு ஒருநாளும் அவசரம் இல்லை என்பது அங்குள்ள பாடம்.

உறையே இல்லாமல் காவினால் என்ன நடக்கும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் பிளாக்சிக்கோ பரஸ். 2008 பெப்ரவரியில் நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணிக்கு சூப்பர் போல் வெற்றியைப் பெற்றுக்கொடுத்த வீரர். அதே வருடம் நவம்பரில் மன்ஹட்டன் இரவு விடுதியொன்றுக்குத் துப்பாக்கியைக் காற்சட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அது கால் வழியே வழுக்கியது. பிடிக்கப் போனார். வெடித்துத் தன் தொடையிலேயே சூடு. நியூயோர்க்கில் அதைக் காவ அவருக்கு அனுமதி இருக்கவில்லை. இரண்டு வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது.

கடிகாரம் போல ஓர் இடுப்பு

உறை எங்கே இருக்கும் என்பதை அங்கே கடிகார மணியால் சொல்கிறார்கள். தொப்புள் 12 மணி. வலது இடுப்பு 3 மணி. முதுகெலும்பு 6 மணி.

3 மணியில், காற்சட்டைக்கு வெளியே பட்டியில் மாட்டுவதுதான் உடம்புக்கு மிகவும் சுகமானது. பொலிஸார் காவுவது அப்படித்தான். ஆனால் மேலே கோட்டோ நீளமான சேட்டோ இல்லாமல் மறைக்க முடியாது. ஹூஸ்டன் வெயிலில் யார் கோட் போடுவது?

4 மணி, காற்சட்டைக்கு உள்ளே. ஆண்கள் பலர் தொடங்கும் இடம் இது. நிற்கும்போது நன்றாக மறையும். காரில் இருக்கும்போது ஆசனம் அதை விலாவுக்குள் தள்ளும். குனிந்தால் சேட்டின் பின்பக்கம் புடைக்கும்.

6 மணி, அதாவது நாரிக்கு நேரே. படங்களில் அழகாக இருக்கும். பின்பக்கமாக விழுந்தால் முதுகெலும்புக்கும் நிலத்துக்கும் நடுவில் ஓர் இரும்புத் துண்டு. வேண்டவே வேண்டாம்.

12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில், அடிவயிற்றுக்கு முன்னால். கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடம், இன்னொருவர் பிடுங்குவதும் கடினம். ஆனால் குழல் வாய் அடிவயிற்றையும் தொடையின் பெரிய நாடியையும் பார்த்தபடி இருக்கும். அதனால் இந்த இடத்துக்கு உறையும் பழக்கமும் மிகச் சரியாக இருக்க வேண்டும். வண்டி வைத்தவர்களுக்கு இருக்கும்போது மூச்சு முட்டும்.

கணுக்காலில், காற்சட்டைப் பையில், அக்குளுக்குக் கீழே என்று வேறு இடங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை. ஒவ்வொன்றிலும் ஒரு குறை.

நீலத் துப்பாக்கியோடு ஒரு நாள்

சுற்றுலா விசாவில் போனவர் துப்பாக்கியையோ ரவையையோ தன்வசம் வைத்திருப்பதை, சில விதிவிலக்குகளைத் தவிர, அமெரிக்கச் சட்டம் குற்றமாகப் பார்க்கிறது. அதனால் அண்ணாவின் துப்பாக்கியை நான் தொடவே இல்லை. ஆனால் பயிற்சிக்கென்று நீல நிறப் பிளாஸ்டிக்கில் செய்த போலித் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. அளவும் பாரமும் உண்மையானதற்குக் கிட்ட. சுடும் பாகம் எதுவும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை வரை அதை நான் காவிப் பார்த்தேன்.

முதல் பிரச்சினை உறையே அல்ல, உடுப்பு. சுடிதாரில் உறையை எங்கே மாட்டுவது? அண்ணியின் ஜீன்ஸைப் போட்டு, மெல்லிய பட்டியைக் கட்டினேன். பத்து நிமிடத்தில் காற்சட்டை ஒரு பக்கமாக இறங்கியது. அண்ணாவிடம் உள்ள க்ளொக் 19 போன்ற ஒன்று ரவை நிரப்பினால் சுமார் 850 கிராம். சாதாரண பட்டி அதைத் தாங்காது. அண்ணா தன்னுடைய விறைப்பான, ஒன்றரை அங்குல அகலப் பட்டியைத் தந்தார். அதே உறை, அதே போலித் துப்பாக்கி, ஆனால் பாரம் இடுப்பைச் சுற்றிப் பரவியது. உறைகளுக்குச் செலவழித்த காசில் கொஞ்சத்தை முதலிலேயே நல்ல பட்டிக்குக் கொடுத்திருந்தால் பெட்டியில் பாதி குறைந்திருக்கும் என்று அண்ணா சொன்னது அப்போதுதான் விளங்கியது. காற்சட்டையும் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும்.

4 மணி இடத்தில் வைத்துக்கொண்டு தேங்காய் துருவ நிலத்தில் இருந்தேன். பிடி விலாவில் குத்தியது. முன்பக்கத்துக்கு மாற்றினேன். நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் சோறு சாப்பிட்ட பிறகு தெரிந்தது. பின்னேரம் கழற்றியபோது இடுப்பெலும்பில் சிவந்த தழும்பு. பட்டியை இறுக்கிக் கட்டினால் வலி குறையும் என்று நினைப்பது பிழை. இடுப்பின் முன்பக்கமாகத் தொடைக்குப் போகும் ஒரு நரம்பு அதில் நசுங்கி, தொடையின் வெளிப்புறம் விறைக்கவும் எரியவும் தொடங்கலாம். பாரமான பட்டி கட்டும் பொலிஸாருக்கும் தச்சர்களுக்கும் தெரிந்த நோவு அது.

தோலா, பிளாஸ்டிக்கா?

தோல் உறை பழகப் பழக உடம்பின் வளைவுக்கு இசைந்துவிடும். தோலில் உரசாது. ஆனால் வியர்வையைக் குடிக்கும். வருடங்கள் போக இளகும். இளகிய தோலின் ஓரம் மடிந்து விசைக்குள் போகலாம். அப்படி இளகியதை எவ்வளவு பிடித்திருந்தாலும் எறிந்துவிட வேண்டும்.

கைடெக்ஸ் என்ற கடினமான பிளாஸ்டிக் தகடு முதலில் விமானங்களின் உட்பகுதிக்காகச் செய்யப்பட்டது. சூடாக்கி, அந்தந்தத் துப்பாக்கியின் அச்சில் அழுத்தி உறையாக்குகிறார்கள். துப்பாக்கி உள்ளே போகும்போது "டிக்" என்று சத்தம் கேட்கும். இளகாது, வியர்வைக்குப் பழுதாகாது. ஆனால் விளிம்பு வெட்டும். உடம்பைத் தொடும் பக்கத்தில் தோல் வைத்துச் செய்யும் கலப்பு உறைகளும் உண்டு.

எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கும் நைலோன் உறை எந்தத் துப்பாக்கிக்கும் சரியாகப் பொருந்தாது. அண்ணா முதலில் வாங்கியது அதுதான். மலிவு என்பதால்.

சின்னச் சின்ன மாற்றங்கள்தான் பெரிய வித்தியாசத்தைத் தருகின்றன. உறையின் உயரத்தைக் கால் அங்குலம் கூட்டினால் இருக்கும்போது தொடையில் இடிக்காது. 4 மணியில் வைப்பவர் சற்று முன்பக்கமாகச் சரித்தால் பிடி புடைக்காது. முன்பக்கம் வைப்பவர் உறையின் அடியில் ஒரு மெத்தைத் துண்டை ஒட்டினால் பிடி வயிற்றோடு சாயும். உள்ளே ஒரு பெனியன் போட்டால் தோல் உரிவது நிற்கும். இவையெல்லாம் செய்தும் குத்தினால், உறையை அல்ல, துப்பாக்கியைத்தான் மாற்ற வேண்டும். 2018இல் வந்த சிக் பி365 போன்ற சிறிய துப்பாக்கிகள் ரவை இல்லாமல் சுமார் அரைக் கிலோதான்.

எதை வாங்கினாலும், ரவைகளை வேறோர் அறையில் பூட்டிவிட்டு, வெற்றுத் துப்பாக்கியோடு அல்லது போலியோடு ஒரு வாரம் வீட்டுக்குள் நடமாடிப் பார்க்கச் சொல்கிறார்கள். இருந்து, குனிந்து, மாடி ஏறி, சப்பாத்துக் கட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு வாரத்தில் எத்தனை தடவை அதைக் கழற்றி வைக்க மனம் வந்தது என்று எண்ணிப் பார்த்தால், உறையைப் பற்றித் தெரிய வேண்டியது தெரிந்துவிடும்.

இடப்பக்கம்

உறையின் வேலைகளில் ஒன்று புடைப்பை மறைப்பது. எனக்கு அந்தப் புடைப்பு நன்றாகத் தெரியும். 2007, 2008 காலத்தில் வவுனியாவில் வகுப்புக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிக்க யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. சிவில் உடை, வெளியே விட்ட சேட், வலப்பக்கம் மட்டும் சற்றுத் தூக்கலாக. "இடுப்பைப் பாக்காத, நிலத்தைப் பாத்து நட" என்று அம்மா சொல்வார். ஹூஸ்டனில் மரக்கறிக் கடையில் வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற ஒருவரின் சேட்டில் அதே புடைப்பைக் கண்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தக்காளிக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. தற்காப்புக்கென்று பொதுமக்களுக்குக் கொடுத்த துப்பாக்கிகளையும் திருப்பி ஒப்படைக்குமாறு 2024இன் இறுதியில் பாதுகாப்பு அமைச்சு கேட்டது. இங்கே சாதாரண கடைக்காரர் ஒருவர் உறை தேடும் நிலை வராது. ஆனால் புலம்பெயர்ந்த எங்கள் உறவுகள் பலர் அங்கே கடை நடத்துகிறார்கள், இரவு வேலை செய்கிறார்கள், பயந்திருக்கிறார்கள். அவர்கள் வாங்கும் துப்பாக்கி எங்கள் குடும்பங்களுக்குள்தான் வந்து சேர்கிறது.

அண்ணாவுக்கு ஆறு வயதில் ஒரு மகள். அவர் வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிப்பிடிப்பாள். அவளுடைய நெற்றி சரியாக உறை இருக்கும் உயரத்தில் இருக்கும். முன்னர் ஒரு நாள் அதில் நெற்றி அடிபட்டு அழுதிருக்கிறாள். அதன் பிறகு, "இந்தப் பக்கம் வா குஞ்சு" என்று அண்ணா இடப்பக்கமாகத் திரும்பிக்கொள்வார்.

நான் புறப்படுவதற்கு முதல் வாரம், எட்டாவது உறைக்குப் பதிலாக அவர் ஒரு சிறிய இரும்புப் பெட்டகம் வாங்கி வாசலை ஒட்டிய அறையில் சுவரோடு பூட்டினார். பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி ரவை நிரப்பிய துப்பாக்கியை விடுவது டெக்ஸாஸிலும் குற்றம். ஆனால் அவர் அதை வாங்கியது சட்டத்துக்காக அல்ல, குளிர்சாதனப் பெட்டியைக் காட்டி அண்ணி கேட்ட ஒரு கேள்விக்காக. இப்போது வீட்டுக்குள் வந்ததும், துப்பாக்கியை வெளியே எடுக்காமல் உறையோடு சேர்த்துக் கழற்றி, பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் "குஞ்சு" என்று கூப்பிடுகிறார். ஏழாவது உறையைக் கொஞ்சம் உயர்த்தி மாட்டிய பிறகு காரிலும் அதைக் கழற்றுவதில்லை. குத்துவது குறைந்துவிட்டது என்கிறார்.

மகள் ஓடி வருகிறாள். இடுப்பில் ஒன்றும் இல்லாத நேரத்திலும் இடப்பக்கமாகத்தான் வந்து கட்டிப்பிடிக்கிறாள்.